ஃபில்டர் போட்ட பிறகு எக்ஸ்போஷர்: மீட்டரை எங்கே நம்பலாம், எங்கே நாமே எண்ண வேண்டும்?

கன்னியாகுமரிக் கரையில் ஒரு விடியற்காலை. ட்ரைபாடைப் பாறை இடுக்கில் ஊன்றி, கடலுக்குள் நிற்கும் திருவள்ளுவர் சிலையை ஃப்ரேமில் வைத்து, புதிதாக வாங்கிய பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரை, அதாவது வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடியை, லென்ஸில் திருகினேன். அலையெல்லாம் பால் போலப் பரவிக் கிடக்க, 133 அடிச் சிலை மட்டும் அசையாமல் நிற்கும் படம் ஒன்று மனதில் இருந்தது. கேமரா அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் இருந்தது, அதாவது லென்ஸ் துளையை நாம் வைக்க, நேரத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் முறையில். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏதோ ஒரு நேரம் காட்டியது, நானும் அழுத்தினேன். வந்த படம் இருட்டு. நேரத்தைக் கூட்டினேன், வானம் வெளுத்தது. குறைத்தேன், மறுபடி இருட்டு. அதற்குள் சூரியன் மேலே ஏறிவிட்டது. அன்று ஒரு படம்கூடத் தேறவில்லை.

ஃபில்டரில் குறை இல்லை. வெளிச்சம் குறைந்திருப்பது கேமராவின் மீட்டருக்குத் தெரியும். ஏன் குறைந்தது என்பது தெரியாது. நாம் வேண்டுமென்றே இருட்டாக்கியதையும் அது குறை என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். சில ஃபில்டர்களுக்கு அந்தச் சரிசெய்தல் உதவி, சிலவற்றுக்குக் கெடுதல். எது எந்த வகை என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும், மிச்சமெல்லாம் விரல் விட்டு எண்ணுகிற கணக்குதான்.

முதலில் அந்தக் கணக்கு

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது, அல்லது இரண்டு மடங்காவது. 1/60 விநாடியிலிருந்து 1/30-க்குப் போனால் ஒரு ஸ்டாப் கூடுகிறது. லென்ஸ் துளையை எஃப் 8-லிருந்து எஃப் 11-க்குச் சுருக்கினால் ஒரு ஸ்டாப் குறைகிறது. இது கைவசம் இருந்தால் மேலே போகலாம்.

குழப்பம் கடையில்தான் தொடங்கும். ஒரே ஃபில்டரை ஒரு கம்பெனி 'என்டி 8' என்று எழுதும், இன்னொன்று '0.9' என்று எழுதும், மூன்றாவது '3 ஸ்டாப்' என்று போடும். மூன்றும் ஒன்றே. என்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் ஃபேக்டர், அதாவது எக்ஸ்போஷரை (படத்துக்குக் கொடுக்கும் வெளிச்சத்தின் அளவை) எத்தனை மடங்காக்க வேண்டும் என்பது. 0.9 என்பது அடர்த்தி, அதை 0.3-ஆல் வகுத்தால் ஸ்டாப் கிடைத்துவிடும்.

என்டி 2 = 0.3 = 1 ஸ்டாப்
என்டி 4 = 0.6 = 2 ஸ்டாப்
என்டி 8 = 0.9 = 3 ஸ்டாப்
என்டி 64 = 1.8 = 6 ஸ்டாப்
என்டி 1000 = 3.0 = 10 ஸ்டாப்

என்டி 8 என்றால் எட்டு ஸ்டாப் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். எட்டு மடங்குதான், ஸ்டாப் மூன்றுதான். இரண்டு ஃபில்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஃபேக்டரைப் பெருக்க வேண்டும், ஸ்டாப்பைக் கூட்ட வேண்டும். என்டி 8-உம் என்டி 64-உம் சேர்ந்தால் ஃபேக்டர் 512, ஸ்டாப் 9. ஃபேக்டரையே கூட்டி 72 என்று கணக்குப் போட்டால் படம் ஏறக்குறைய மூன்று ஸ்டாப் இருண்டுவிடும்.

யுவி ஃபில்டருக்கும் வெறும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் எதுவும் மாற்ற வேண்டாம். 81ஏ போன்ற லேசான வார்மிங் ஃபில்டர் மூன்றில் ஒரு ஸ்டாப் கேட்கும். அதை மீட்டரே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஃபில்டரை நீங்களே அளந்து பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் அதிகம் பலன் தரும். வளையத்தில் பத்து ஸ்டாப் என்று அச்சிட்டிருந்தாலும் உண்மையில் அது ஒன்பதரையாகவோ பத்தரையாகவோ இருக்கலாம். வீட்டிலேயே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மேகம் ஓடாத நாளில், நேர் வெயில் படாத, நிழல் சீராக விழுந்திருக்கும் ஒரு சுவரைப் பிடியுங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, மேனுவல் மோடில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 8 என்று வைத்து, ஹிஸ்டோகிராமின் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) மேடு நடுவில் விழும்படி ஷட்டரை மாற்றுங்கள். 1/60 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தை எடுத்து வையுங்கள். அப்புறம் பத்து ஸ்டாப் ஃபில்டரைப் போட்டு 15 விநாடியில் அதே சுவரை எடுங்கள். இரண்டு ஹிஸ்டோகிராமையும் ஒப்பிடுங்கள். மேடு அதே இடத்தில் நின்றால் ஃபில்டர் சொன்ன சொல் காப்பாற்றுகிறது. இடப்பக்கம் நகர்ந்திருந்தால் 20 விநாடி, 25 விநாடி என்று ஏற்றிப் பாருங்கள்; ஒவ்வொரு படியும் மூன்றில் ஒரு ஸ்டாப். எதில் மேடு பழைய இடத்துக்கு வருகிறதோ அதுவே உங்கள் ஃபில்டரின் உண்மையான எண். ஒரு துண்டு மருத்துவ டேப்பில் எழுதி ஃபில்டர் டப்பாவின் மேல் ஒட்டிவிடுங்கள். என்னுடைய டப்பாவில் '10 + 1/3' என்று இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றைப் பல மாதம் நான் மீட்டரின் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அடர்த்தியான என்டி சில, சுவரைப் பழுப்பாகவோ நீலமாகவோ காட்டும். ஒரு நிறத்தின் சேனல் மட்டும் முன்னாடியே வெளுத்துவிடும் என்பதால், மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது நல்லது.

பத்து ஸ்டாப் என்டி: ஃபில்டர் போடும் முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்

மறுபடி கன்னியாகுமரிக்கே போவோம். இம்முறை வரிசையாக.

ஃபில்டர் இல்லாமலே ஃப்ரேமை முடிவு செய்யுங்கள். சிலையின் மேல் ஃபோகஸ் பிடித்து, பிடித்ததும் லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். அடர்த்தியான ஃபில்டர் வழியாக ஆட்டோஃபோகஸ் தடுமாறும். ட்ரைபாடில் இருக்கும்போது, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடலாம்.

மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, எஃப் 11. ஆட்டோ ஐஎஸ்ஓ ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால் நீங்கள் எண்ணுவதை அது பின்னாலிருந்து கலைத்துக்கொண்டே இருக்கும். நேரத்தை நீட்ட வேண்டும் என்று எஃப் 22-க்குப் போக வேண்டாம், சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்ஷனில் கூர்மை போய்விடும். நேரத்தை நீட்டத்தானே ஃபில்டர் இருக்கிறது.

ஃபில்டர் இல்லாமல் ஒரு சோதனைப் படம். வானம் வெளுக்காமல் சரியாக வந்தது 1/60-ல் என்றால், இனி விரல் விட்டு எண்ணுங்கள்: 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8, 15. பத்து விரலும் மடங்கிவிட்டது. 15 விநாடி. போனில் இதற்கு ஆப் இருக்கிறது. ஆனால் உப்புத் தண்ணீர் தெறிக்கும் பாறையில் நின்றுகொண்டு போனைத் துழாவுவதைவிட விரல் வேகமானது.

இப்போது ஃபோகஸ் வளையம் நகராமல் ஃபில்டரைத் திருகுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை மூடுங்கள். நெக் ஸ்ட்ராப்பிலேயே அதற்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும், இல்லாவிட்டால் கைக்குட்டை போதும். அந்த முதல் நாள் என்னைக் கெடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு. லென்ஸ் வழியாக ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வருகிறது. வியூஃபைண்டர் வழியாகப் பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் அதற்குப் பக்கத்தில் பெரிது. மீட்டர் அதையும் சேர்த்து அளந்து, நேரத்தைக் குறைத்துச் சொல்லிவிடும். மிரர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

ரிமோட்டிலோ இரண்டு விநாடி டைமரிலோ அழுத்துங்கள். கணக்கில் 30 விநாடிக்கு மேல் வந்தால் பெரும்பாலான கேமராக்களில் ஷட்டரை வேண்டிய வரை திறந்தே வைக்கும் பல்ப் மோடுக்குப் போய் நாமே நேரம் பார்க்க வேண்டும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டிருந்தால், இரண்டு நிமிடப் படத்துக்கு அப்புறம் கேமரா இன்னும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் அந்த இரண்டு நிமிடம் பெரிய விலை. நான் அணைத்தே வைத்திருப்பேன்.

விடியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் அளந்த வெளிச்சம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. 15 விநாடிக்கு அது பொருட்டில்லை. நாலு நிமிட எக்ஸ்போஷர் என்றால், முடிவதற்குள் வெளிச்சம் கணிசமாகக் கூடியிருக்கும். அதனால் கணக்கில் வந்த நேரத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே மூடுங்கள். மாலையில் இதற்கு நேர் எதிர், சற்று நீட்டுங்கள்.

ஃபில்டரைக் கழற்ற மனமில்லாவிட்டால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றிச் சோதனைப் படம் எடுங்கள். 100-க்கும் 6400-க்கும் ஆறு ஸ்டாப், அதாவது 64 மடங்கு. ஆக 6400-ல் எத்தனை விநாடியோ, 100-ல் ஏறக்குறைய அத்தனை நிமிடம். 6400-ல் இரண்டு விநாடி சரியாக வந்தால், 100-ல் இரண்டு நிமிடம். இருட்டில் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த என்டி 1000-ஐப் போட்டுவிட்டு, ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாக உச்சி வெயிலில் சூரியனைப் பார்க்கவே கூடாது. சூரியனுக்கென்றே செய்யும் ஃபில்டரின் அடர்த்தி 5.0, அதாவது லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அப்படியொரு நாளுக்கு என்டி 1000 போதவே போதாது. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் அதில் நிறையவே உள்ளே வரும். கண் போனால் போனதுதான்.

போலரைசர்: மீட்டர் உதவி செய்வதுபோல் கெடுக்கும் இடம்

போலரைசர் என்பது பிரதிபலிப்பை வெட்டும், திருப்பக்கூடிய ஃபில்டர். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை தின்னும். லென்ஸ் வழியாக அளக்கும் கேமராவில் இதை நாம் கூட்ட வேண்டியதில்லை, மீட்டரே கூட்டிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை.

தஞ்சாவூர்ப் பக்கம் நடவு முடிந்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நின்று பார்த்தால் தண்ணீர் முழுக்க வானம். வெள்ளை மேகம் தரையில் கிடப்பதுபோல் இருக்கும், நாற்று அதில் மெல்லிய கோடாகத்தான் தெரியும். போலரைசரை மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் மேகம் சட்டென்று கரைந்து, தண்ணீருக்கு அடியில் இருக்கும் கருஞ்சேறும் நாற்றின் பச்சையும் மேலே வரும். தண்ணீர்ப் பரப்போடு ஏறக்குறைய 37 டிகிரி சரிவில் பார்க்கும்போது இது உச்சத்தில் இருக்கும்.

இப்போது என்ன நடந்தது? ஃப்ரேமில் பாதியை அடைத்திருந்த வெள்ளை போய் அந்த இடம் கருத்துவிட்டது. மீட்டர் இதைப் பார்த்ததும் 'அய்யோ, இருட்டாகிவிட்டதே' என்று எக்ஸ்போஷரைத் தூக்கும். சேறு சாம்பலாகும், நாற்று வெளிறும். நாம் தேடிப்போன ஆழமே போய்விடும்.

வழி எளிது. சாதாரண வெளிச்சத்தைப் போலரைசர் எந்தக் கோணத்திலும் ஒரே அளவுதான் குறைக்கும். திருப்பும்போது மாறுவது பிரதிபலிப்பும் நீல வானமும்தான். அதனால் ஃபில்டரைப் போட்டு, விளைவு மிகக் குறைவாக இருக்கும் கோணத்தில் வைத்து அளந்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். பிறகு திருப்புங்கள். மீட்டரின் ஊசி கீழே போகும், போகட்டும். வெள்ளை மேகம் ஃப்ரேமை ரொம்பவே அடைத்திருந்தால் அது தொடக்க அளவையே கெடுக்கும். அப்போது பிரதிபலிப்பு இல்லாத ஒன்றை, காய்ந்த வரப்பு மண்ணையோ தென்னை மட்டையையோ, ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

நீல வானத்துக்கு, சூரியனுக்கு 90 டிகிரியில் இருக்கும் பட்டைதான் அதிகம் கருக்கும். சித்திரை உச்சிப்பொழுதில் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது அந்தப் பட்டை அடிவானத்தைச் சுற்றிலும் ஓடும், எந்தப் பக்கம் திரும்பினாலும் கருக்கும். காலை, மாலையில் அது வானத்தின் குறுக்கே போகும். வைட் லென்ஸில் எடுத்தால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கரும்பட்டையாக விழுந்து அசிங்கமாகிவிடும். இதை எக்ஸ்போஷரில் சரிசெய்ய முடியாது. லென்ஸை மாற்றுங்கள், அல்லது போலரைசரைக் கழற்றுங்கள்.

வேரியபிள் என்டி என்பதும் இரண்டு போலரைசரை எதிரெதிரே வைத்ததுதான். அதில் அச்சிட்டிருக்கும் புள்ளிகளை எண்ணிக் கணக்குப் போட வேண்டாம், மீட்டரையோ ஹிஸ்டோகிராமையோ பார்த்துத் திருப்புங்கள். கடைசி எல்லைக்குத் திருப்பினால் படத்தின் நடுவே எக்ஸ் வடிவில் கறுப்பு விழும். வீடியோவுக்கு வசதி. ஸ்டில் படத்துக்கு நான் சாதாரண என்டியையே எடுப்பேன்.

பாதி இருட்டான ஃபில்டர்

கிராஜுவேட்டட் என்டியின் மேல்பாதி மட்டும் கருமை. வானத்தை அடக்கித் தரையோடு சேர்ப்பது அதன் வேலை. இதில் ஃபில்டர் போட்ட பிறகு அளக்கவே கூடாது.

ஃபில்டர் இல்லாமல் பாறையை அளந்தால் எஃப் 11-ல் 1/8, வானத்தை அளந்தால் 1/125 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நாலு ஸ்டாப். மூன்று ஸ்டாப் கிராஜுவேட்டடைப் போட்டு, 1/8-லேயே எடுங்கள். வானம் தரையைவிட ஒரு ஸ்டாப் வெளிச்சமாக மிஞ்சும், அது மிஞ்சத்தான் வேண்டும். நாலையும் அடக்கினால் வானமும் தரையும் ஒரே கனத்தில் நின்று, வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

வள்ளுவர் சிலைபோல அடிவானத்தைத் தாண்டி எழும் எதுவும் ஃப்ரேமில் இருந்தால், கோடு பளிச்சென்று விழும் ஹார்ட் வகை வேண்டாம். பீடம் வெளிச்சமாகவும் தோளுக்கு மேல் கறுப்பாகவும் வரும். மெல்ல மங்கும் சாஃப்ட் வகையைப் போடுங்கள், அல்லது ஃபில்டரே இல்லாமல் இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துச் சேருங்கள். அந்த இடத்தில் இரண்டாவதுதான் எனக்கு நன்றாக வந்தது.

வெயிலில் ஃபிளாஷோடு

கல்யாண ஜோடியை நடு வெயிலில் எடுக்க வேண்டும், பின்னணி மங்க எஃப் 2.8 வேண்டும். ஐஎஸ்ஓ 100-ல் பளிச்சென்ற வெயிலுக்கு 1/200-ல் எஃப் 11 சரி. ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், அதாவது சிங்க் ஸ்பீடு, 1/200 என்றால் ஷட்டரை அதற்கு மேல் ஏற்ற முடியாது. எஃப் 11-லிருந்து 2.8-க்கு நாலு ஸ்டாப், ஆக என்டி 16.

ஃபில்டர் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் தின்றுவிடுமே என்று பயப்படுவார்கள். கணக்குப் பாருங்கள். ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர் (எட்டும் தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கியது) 60 என்றால், ஃபில்டர் இல்லாமல் எஃப் 11-ல் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் எட்டும். என்டி 16 போட்டால் கைடு நம்பரை 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுக்க வேண்டும்: 15. அதை 2.8-ஆல் வகுத்தால் மறுபடி அதே ஐந்தரை மீட்டர். ஃபிளாஷும் வெயிலும் ஒன்றாகக் குறைகின்றன, அப்பர்ச்சர் இரண்டையும் ஒன்றாகத் தூக்குகிறது. ஃபிளாஷ் பவரைத் தொடவே வேண்டாம்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமும் நிற ஃபில்டரும்

ஃபிலிமில் எடுப்பவர்கள் மறுபடி வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காக இது. பகல் வெளிச்சத்தில் மஞ்சள் 8-ஆம் எண்ணுக்கு ஃபேக்டர் 2, பச்சை 11-க்கு 4, சிவப்பு 25-க்கு 8, கருஞ்சிவப்பு 29-க்கு 16. குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பு அதிகம் என்பதால் சிவப்பு ஃபில்டரின் ஃபேக்டர் குறையும்.

கையில் பிடிக்கும் மீட்டர் என்றால், அதில் ஐஎஸ்ஓவையே ஃபேக்டரால் வகுத்து வைத்துவிடுங்கள். நாகர்கோவிலில் நான் வேலை பழகிய ஸ்டுடியோவில் அண்ணன் அப்படித்தான் செய்வார். பச்சை ஃபில்டரை லென்ஸில் மாட்டும் அதே கையோடு மீட்டரின் வட்டை 400-லிருந்து 100-க்குத் திருப்பிவிடுவார். கழற்றும்போது மறுபடி 400. "மாட்டுனா திருப்பு, கழட்டுனா திருப்பு தம்பி" என்பார். வட்டின் ஓரம் தேய்ந்து பித்தளை தெரியும்.

சிவப்பு ஃபில்டர் வழியாகக் கேமரா மீட்டரை நம்ப வேண்டாம். சிலிக்கான் செல்லுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், ஃபிலிமுக்கு அந்த அளவு தெரியாது. மீட்டர் குறைத்துச் சொல்லும். ஃபில்டர் இல்லாமல் அளந்து ஃபேக்டரால் பெருக்குங்கள். இன்னொன்று, வெயில் நாளின் நிழலை ஒளியூட்டுவது நீல வானம். சிவப்பு அதை வெட்டிவிடும். நிழலில் விவரம் வேண்டுமானால் கணக்குக்கு மேல் அரை, ஒரு ஸ்டாப் சேருங்கள்.

நிழல் வேண்டாம், கருமைதான் வேண்டும் என்றால் அதுவும் ஒரு முடிவு. 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஆன்சல் ஆடம்ஸ் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றார். முதலில் மஞ்சள் ஃபில்டரில் ஒரு பிளேட் எடுத்தார். வானம் மனதில் இருந்த அளவுக்குக் கருக்காது என்று பட்டது. மிச்சம் இருந்தது ஒரே பிளேட். கருஞ்சிவப்பு 29-ஐ மாட்டி, 16 மடங்கு கணக்கிட்டு, எஃப் 22-ல் 5 விநாடி கொடுத்தார். பட்டப்பகலில் வானம் கறுப்பாக நிற்கும் அந்தப் படம் அப்படி வந்தது. ஒரே பிளேட் கையில் இருந்தவர் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் கணக்கை மாற்றத் தவறியிருந்தால் அது இல்லை.

டிஜிட்டலில் கறுப்பு வெள்ளைக்குச் சிவப்புக் கண்ணாடி வேண்டாம். சென்ஸாரில் நாலில் ஒரு பங்கு பிக்ஸல்தான் சிவப்பைப் பார்க்கிறது, மற்றவை சும்மா கிடக்கும். நிறத்தில் எடுத்துப் பிறகு மாற்றுங்கள்.

ஃபிலிமில் நேரம் நீண்டால் இன்னொரு திருத்தம் உண்டு. ஒரு விநாடியைத் தாண்டினால் ஃபிலிம் வெளிச்சத்தை முன்போல வாங்காது. இதுதான் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ்ஸுக்கு அந்த நிறுவனமே தரும் கணக்கு: விநாடியை 1.31 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 10 விநாடி 20 ஆகும், 30 விநாடி 86 ஆகும். வரிசை முக்கியம், முதலில் ஃபில்டர், அப்புறம்தான் இது. மீட்டர் 1 விநாடி சொல்கிறது, சிவப்பு 25 போட்டிருக்கிறீர்கள் என்றால் எட்டு மடங்கு, 8 விநாடி. அதைத் திருத்தினால் 15 விநாடி. வரிசையை மாற்றி ஒரு விநாடியைத் திருத்திவிட்டு எட்டால் பெருக்கினால் 8 விநாடியிலேயே நின்றுவிடும், நெகட்டிவ் ஒரு ஸ்டாப் மெலிந்து வரும்.